எழுத்தைக் கூட்டினால் பரிசு: ஒரு பழைய சட்டத்தின் கதை



கையில் ஒரு பென்சிலும் துண்டுத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் எழுதிய முறைகளில் ஒன்றில் ஏ, ஆர், என், ஐ என்று நான்கே எழுத்துகள்தான் இருந்தன. அந்த நான்கையும் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை பயன்படுத்தி எத்தனை ஆங்கிலச் சொற்கள் அமைக்கலாம் என்று பாருங்கள்.

முதல் இடத்தில் நான்கில் எதையும் வைக்கலாம். அடுத்த இடத்துக்கு மூன்று மிஞ்சும், அதற்கடுத்து இரண்டு, கடைசியில் ஒன்று. பெருக்கினால் 24 வரிசைகள். அவற்றில் நம்மில் பலருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டுதான்: மழையைக் குறிக்கும் 'ரெயின்', நம் நாட்டிலிருந்து ஆங்கில அகராதிக்குள் போன 'ராணி'. ஈரான் நாட்டின் பெயரும் வரும். ஆனால் சிறப்புப் பெயர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது இந்த விளையாட்டின் வழக்கம்.

இப்போது இந்தக் கணக்கு எதற்கு என்கிறீர்களா? பொங்கல் விழாவுக்கு இப்படி ஒரு சொல் போட்டி வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்திருக்கிறது. ஏழு ஆங்கில எழுத்துகளைக் கொடுப்பது, அதிகச் சொற்கள் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு கொடுப்பது என்று திட்டம். இதுவரைக்கும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. "ஆளுக்கு ஐம்பது ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி, சேர்ந்த பணத்தையே பரிசாகக் கொடுத்துவிடலாமே" என்று ஒரு யோசனை எழுந்ததும்தான் இரண்டு கட்சி ஆயிற்று. "ஐம்பது ரூபாய்க்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்றார்கள் சிலர். அதற்குப் பதில் சொல்ல நம் நாட்டில் ஒரு தனிச் சட்டமே இருக்கிறது. அதன் கதை தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் எழுத்தும் அவர்கள் எழுத்தும்

எழுத்தை வைத்து விளையாடுவது தமிழருக்குப் புதிதல்ல. திருஞானசம்பந்தர் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும்படி ஒரு பதிகம் முழுவதையும் பாடியிருக்கிறார். மாலைமாற்று என்று அதற்குப் பெயர். சித்திரக்கவி என்று ஒரு வகையே நம் இலக்கணத்தில் உண்டு.

ஆனால் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுச் சொல் தேடும் விளையாட்டு தமிழில் அவ்வளவாகக் களைகட்டாது. காரணம் எளிது. 'பட்டு' என்ற சொல்லில் ப, ட், டு என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை ஆறு விதமாக அடுக்கலாம். ஆனால் 'ட்' என்று எந்தச் சொல்லும் தொடங்காது, 'டு' என்றும் தமிழ்ச் சொல் தொடங்காது. 'ட்' என்று முடியவும் முடியாது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே வரையறை செய்துவிட்டது. ஆக ஆறில் ஒன்றுதான் தேறும்: பட்டு. 'ஆரணி'யையும் இதே போல மாற்றிப் பாருங்கள், ஆரணிதான் மிஞ்சும்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான். உயிரும் மெய்யும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்பவை. சீட்டுக்கட்டு மாதிரி எப்படி வேண்டுமானாலும் கலைக்கலாம். 'சில்க்' என்ற சொல்லின் நான்கு எழுத்துகளை மாற்றினால் 'வகைகள்' என்று பொருள்படும் 'இல்க்ஸ்' வந்துவிடுகிறது. ஏழு எழுத்து கொடுத்தால் வரிசைகள் மட்டும் 5,040. இந்தத் தளர்ச்சியில்தான் ஒரு பெரிய வியாபாரம் பிறந்தது.

கட்டங்கள் வந்த காலம்

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு சொற்கட்டத்தை வெளியிட்டார். குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒரு விளையாட்டை உருவாக்கினார். பின்னாளில் 'ஸ்கிராபிள்' என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான். நம் வளாகத்திலும் சில வீடுகளில் அந்தப் பெட்டி இருக்கும். அதில் 'இ' எழுத்துக்கு 12 வில்லைகள், 'க்யூ'வுக்கு ஒன்றே ஒன்று. பட்ஸ் உட்கார்ந்து எண்ணியதன் பலன் அது.

ஏறக்குறைய அதே காலத்தில் இந்தக் கட்டங்கள் நம் பத்திரிகைகளுக்கும் வந்தன. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன் 1930களில் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். பத்திரிகையின் விற்பனை ஏறியதற்கு அந்தப் போட்டிகளும் ஒரு காரணம். கட்டத்தை நிரப்பினால் பணம் வரும் என்ற ஆசை, அதுவரை பத்திரிகை வாங்காதவர்களையும் வாங்க வைத்தது.

ஆங்கிலத்தில் இது இன்னும் பெரிதாக நடந்தது. கூப்பனைப் பத்திரிகையிலிருந்து வெட்ட வேண்டும், ஒவ்வொரு விடைக்கும் கட்டணம் சேர்த்து அனுப்ப வேண்டும். சரியான விடை முன்கூட்டியே உறையில் போட்டு முத்திரை வைக்கப்பட்டிருக்கும். அதோடு ஒத்துப்போகிறவருக்குப் பரிசு.

பாலா, பட்டா?

இதில் என்ன தப்பு என்று தோன்றும். மூளையைக் கசக்கிச் சொல் கண்டுபிடிப்பது நல்ல பழக்கம்தானே?

ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். இது நானே அமைத்தது. நான்கு கட்டம். கடைசி மூன்றில் ஐ, எல், கே என்று அச்சாகியிருக்கிறது. முதல் கட்டம் காலி. குறிப்பு இது: "வீட்டில் விசேஷம் என்றால் இது இல்லாமல் நடக்காது." நம் ஊரில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 'எஸ்' போடுவார்கள். பட்டு இல்லாமல் விசேஷமா? மாடு வைத்திருப்பவர் 'எம்' போடுவார். பால் காய்ச்சாமல் விசேஷமா? இரண்டும் குறிப்புக்குப் பொருந்துகிறது, இரண்டும் அகராதியில் இருக்கிறது. எது "சரி" என்பது உறைக்குள் இருக்கிறது. அந்த உறையைத் திறக்கும் வரை, ஆங்கிலப் பேராசிரியரும் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவரும் ஒன்றுதான்.

இப்படி இரண்டு விடை பொருந்தும் கட்டங்கள் பத்து இருந்தால் 1,024 விதமாக நிரப்பலாம். பதினேழு இருந்தால் 1,31,072 விதம். அத்தனையும் அனுப்பினால்தான் பரிசு நிச்சயம். அத்தனைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவதா வேண்டாமா என்பதும் இரண்டில் ஒன்றுதான். ஆனால் அங்கே டிசைன் போடுகிறவருக்கு முந்தியில் மயில் வர எந்த ஓட்டை வேண்டும் என்று தெரியும். இங்கே போட்டியாளருக்கு எதுவும் தெரியாது. பார்க்கத்தான் இது தறி, உள்ளே இருப்பது தாயக்கட்டை.

கட்டணம் சிறியது என்பதுதான் இதில் ஆபத்தான பகுதி. ஒரு கூப்பனுக்குக் கொடுப்பது யாருக்கும் கனக்காது. அதனால்தான் ஒருவரே இருபது கூப்பன் அனுப்புவார். கூலி சேலைக்கு இவ்வளவு என்று வாங்கி, அடுத்த பாவு ஏற்றும் வரை அதை வைத்தே குடும்பம் நடத்துகிற நம் ஊர் போன்ற இடத்தில் இருபது கூப்பன் என்பது சின்னக் கணக்கு இல்லை.

1955இன் சட்டம்

1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றியது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பவை. அதனால் மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் இதில் இறங்கியது. அப்படித் தீர்மானம் போட்ட மாநிலங்களில் நம் சென்னை மாநிலமும் ஒன்று. 1956 ஏப்ரல் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஆரணிக்கும் அது பொருந்தியது.

அந்தச் சட்டம் பரிசுப் போட்டி என்றால் என்ன என்று சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். குறுக்கெழுத்துப் போட்டி, விடுபட்ட சொல் போட்டி, படப் போட்டி என்று எந்தப் பெயரில் நடந்தாலும் சரி. எழுத்துகளையோ சொற்களையோ படங்களையோ கூட்டி, அடுக்கி, சேர்த்து, வரிசை மாற்றி விடை காணும் புதிருக்குப் பரிசு கொடுத்தால் அது பரிசுப் போட்டி. நாம் பொங்கலுக்கு நடத்த நினைப்பதை வரி பிசகாமல் எழுதியது போல இருக்கிறது, இல்லையா?

பிறகு வரம்புகள். ஒரு மாதத்தில் கொடுக்கும் பரிசுகளின் மொத்த மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு போட்டிக்கு 2,000 விடைகளுக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த வரம்புக்குள் நடத்தவும் உரிமம் வேண்டும். கணக்கு வைக்க வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் முன்னணியில் இருந்தவர் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா. பெங்களூரில் அச்சான 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற பத்திரிகை வழியாக அவர்களுடைய குறுக்கெழுத்துப் போட்டி நடந்தது. பம்பாய் மாநிலத்திலும் அது நன்றாக ஓடியது. பம்பாய் அரசு தன் சட்டப்படி அதற்கு உரிமமும் வரியும் கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் போட்டி நடத்தியவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1955ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை எதிர்த்த வழக்கும் அங்கே நின்றது.

1957 ஏப்ரல் 9 அன்று இரண்டு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. பம்பாய் வழக்கில் தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ், ரிக்வேதத்திலும் மகாபாரதத்திலும் மனுவிலும் சூதாட்டம் எப்படிக் கண்டிக்கப்பட்டது என்று எடுத்துக்காட்டினார். சூதாட்டம் ஒரு தொழிலே அல்ல, எனவே தொழில் செய்யும் அடிப்படை உரிமையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்பது முடிவு. நம் பக்கத்து நீதிபதியாக இருந்திருந்தால் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தையும் சேர்த்திருப்பார். சூதில் வரும் வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலாகப் பார்த்தவர் வள்ளுவர்.

நம் பக்கத்து நீதிபதியும் அன்று இல்லாமல் இல்லை. மத்தியச் சட்டம் பற்றிய தீர்ப்பை எழுதியவர் டி.எல்.வெங்கடராம ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போனவர். இசை தெரிந்தவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் தேர்ந்தவர், டி.கே.பட்டம்மாளுக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தவர், 1944இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர்.

அவருக்கு முன் இருந்த கேள்வி இது. சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால் உண்மையான அறிவுப் போட்டியும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அப்படியானால் சட்டம் முழுவதும் செல்லாதா? இல்லை என்றார். வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருக்கும் போட்டி ஒரு வகை, அப்படி இல்லாதது வேறு வகை. இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்பவை. சூதாட்ட வகையைக் கட்டுப்படுத்துவதே சட்டத்தின் நோக்கம். திறமை வகையை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் சட்டத்தைச் செலுத்தலாம். சேலையில் ஓரிடத்தில் ஊடை பிசகினால் முழுச் சேலையையும் கிழிக்காமல் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது மாதிரி.

கட்டத்திலிருந்து கைப்பேசிக்கு

குறுக்கெழுத்துச் சூது ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓயவில்லை. "திறமையா, அதிர்ஷ்டமா?" என்ற அந்த ஒரே அளவுகோலைத்தான் பிறகு வந்த வழக்குகள் கையில் எடுத்தன. 1968இல், சீட்டை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது உச்ச நீதிமன்றம். 1996இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கிலும் திறமை என்றே முடிவு.

பிறகு ஆட்டம் கைப்பேசிக்கு வந்தது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, புதிய சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது மட்டும் செல்லாது என்றது. காரணம் அதே பழைய அளவுகோல்: அவை திறமை ஆட்டங்கள்.

இங்கேதான் 1957இன் அளவுகோலின் போதாமை தெரிகிறது. திறமை இருக்கிறதா என்று அது கேட்டது. இழக்கிறவர் எவ்வளவு இழக்கிறார், நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து எத்தனை முறை கட்டுகிறார் என்று கேட்கவில்லை. அஞ்சலில் கூப்பன் அனுப்பிய காலத்தில் அந்தக் கேள்வி அவ்வளவு அவசரமாக இருந்திருக்காது. கூப்பன் போய்ச் சேரவே நாளாகும். தபால்காரர் வரும் வரை மனம் ஆறும். கைப்பேசியில் ஒரு ஆட்டம் முடிந்த நொடியில் அடுத்தது தயார். திறமை ஆட்டத்திலும் திறமை குறைந்தவர் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இந்தப் பிரிவினையையே தள்ளிவைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து இணையத்தில் ஆடினால் அது பண விளையாட்டு. கட்டங்களில் தொடங்கிய வழக்கு எழுபது ஆண்டு நடந்து இங்கே வந்து நிற்கிறது.

நம் போட்டிக்கு வருவோம்

இப்போது அந்த ஐம்பது ரூபாயைப் பாருங்கள். நம் சங்கத்தின் இதழ் இணையத்தில் வருகிறது. விடைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், கட்டணத்தை யுபிஐயில் வாங்கினால், சேர்ந்த பணத்தைப் பரிசாகக் கொடுத்தால், மேலே சொன்ன இரண்டு சட்டங்களின் வாசலிலும் நாமே போய் நிற்கிறோம். வாதாடி ஜெயிக்கலாம்தான். ஆனால் பொங்கல் போட்டிக்கு வக்கீல் எதற்கு?

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வளாகத்தில் 80 வயது தாத்தாவும் இருக்கிறார், ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கிறது. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ருசியைப் பிள்ளைகளுக்கு நாமே ஊட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஆகவே செயற்குழுவின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, நுழைவுக் கட்டணம் வேண்டாம். பரிசுச் செலவை விழா நிதியிலிருந்து எடுப்போம். இரண்டு, பரிசு பணமாக இல்லாமல் பொருளாக இருக்கட்டும். நம் ஊர்த் தறியில் நெய்த ஒரு பட்டுத் துண்டை விடப் பொருத்தமானது எது? மூன்று, உறைக்குள் ஒளித்த விடை கூடாது. எந்த அகராதி என்று முன்பே அறிவித்துவிட்டு, அதில் உள்ள எந்தச் சொல்லையும் ஏற்க வேண்டும். பாலும் சரி, பட்டும் சரி. நான்கு, ஒரு வீட்டுக்கு ஒரு தாள். பேரனும் பாட்டியும் சேர்ந்து எழுதலாம்.

தேடுவதற்கு ஒரு வழியும் சொல்லிவிடுகிறேன். கிடைத்த சொல்லின் எழுத்துகளை முதலில் அகர வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சொற்களின் வரிசை ஒன்றாக வந்தால், ஒன்றின் எழுத்துகளை மாற்றினாலே மற்றது வரும் என்று பொருள். 'சில்க்' என்பதோடு இன்னொரு 'எல்' சேருங்கள். அகர வரிசையில் ஐ, கே, எல், எல், எஸ். இதற்கு எல்லோரும் அறிந்த இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'ஸ்கில்', திறமை. மற்றது 'கில்ஸ்', கொல்கிறது. எழுத்துகள் அவையேதான். எப்படி அடுக்குகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

பயிற்சிக்கு ஒன்று: எஸ், ஏ, ஆர், இ, இ. சேலையைக் குறிக்கும் சொல் உடனே தெரிந்துவிடும். ஐந்து எழுத்தையும் பயன்படுத்தி இன்னொரு சொல் வருகிறது, பள்ளிப் பிள்ளைகள் தினமும் செய்யும் வேலை அது. கண்டுபிடித்தவர்கள் தாளில் எழுதி, பெயரும் வீட்டு எண்ணும் குறித்து, காவலர் அறையில் உள்ள பெட்டியில் போடுங்கள். கட்டணம் இல்லை. விடை அடுத்த இதழில்.